படம் நல்லாத்தான் இருக்கு, அதுதான் சிக்கலே

"ஒரு பட்டனை அமுக்கறதுக்கு மூணு வருஷம் டிப்ளோமாவா?"

மலேசியாவின் பூச்சோங்கில் என் வேலை என்னவென்று தெரிந்தவர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். கோயில் திருவிழாவில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், ஐஓஐ மாலில் வண்டி நிறுத்த இடம் தேடும்போது கூடக் கேட்பார்கள். இப்போது கேள்வி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. "எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சேக்கா, கருப்பு வெள்ளை கூடக் குறைய இருந்தா கம்ப்யூட்டர்லயே தட்டிச் சரி பண்ணிட மாட்டீங்க?"

பண்ணிவிடலாம். நானும் என் மாதிரி எக்ஸ்ரே எடுக்கும் மற்ற ஜூரு எக்ஸ்ரேக்களும் கவலைப்படுவதே அதற்காகத்தான். எக்ஸ்ரே படத்தின் கருப்பையும் வெள்ளையையும் எவையெவை தீர்மானிக்கின்றன, அதில் கம்ப்யூட்டர் எதைத் திருத்துகிறது, எதைத் திருத்துவது போல மூடி மறைக்கிறது, அந்தக் கணக்கு கடைசியில் யார் உடம்பில் போய்ச் சேர்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிழல்

எக்ஸ்ரே படம் ஒரு நிழல். குழாயிலிருந்து கிளம்பும் கதிரில் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு பங்கு திசைமாறிச் சிதறும். மிச்சம்தான் நேராக வெளியே வந்து டிடெக்டரில் விழும். அதிகம் விழுந்த இடம் கருப்பு, விழாத இடம் வெள்ளை. நுரையீரலில் காற்று இருப்பதால் கருப்பு. எலும்பில் கால்சியம் இருப்பதால் வெள்ளை. கொழுப்பு, தசை, ரத்தம் எல்லாம் நடுவில் பலவிதச் சாம்பல். சங்கிலியும் தாலியும் உள்சட்டைக் கொக்கியும் பளிச்சென்று வெள்ளையாய் விழுந்து, டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கும்.

எக்ஸ்போஷர் என்று நாங்கள் சொல்வது டிடெக்டருக்குப் போய்ச் சேர்ந்த கதிரின் அளவை. கான்ட்ராஸ்ட் என்பது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே படத்தில் தெரியும் வித்தியாசம். எக்ஸ்போஷர் சரியாக இருந்தும் கான்ட்ராஸ்ட் கெட்டுப்போகலாம். அப்போது படம் முழுக்க ஒரே சாம்பலாக, எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கிடக்கும்.

கன்சோலில் இருக்கும் இரண்டு எண்கள்

ஒன்று எம்ஏஎஸ். மில்லி ஆம்பியரை வினாடியால் பெருக்கி வருவது. 200 மில்லி ஆம்பியரை 0.1 வினாடிக்குக் கொடுத்தால் 20 எம்ஏஎஸ். இதை இரட்டித்தால் கதிரின் எண்ணிக்கையும் இரட்டிக்கும், நோயாளி வாங்கும் கதிரும் இரட்டிக்கும். நேரடிக் கணக்கு. ரோண்ட்கன் 1895 டிசம்பரில் மனைவியின் கையைப் படமெடுத்தபோது கால் மணி நேரம் போல அந்த அம்மாள் கையை அசைக்காமல் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். இன்று அதே கைக்கு வினாடியில் நூறில் சில பங்கு போதும்.

எம்ஏஎஸ் குறைந்துபோனால் படத்தில் மணல் தூவின மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். நாங்கள் நாய்ஸ் என்போம். கதிர்த் துகள்கள் போதுமான எண்ணிக்கையில் வரவில்லை, அதனால் அவை விழுந்த விதத்தில் ஏற்ற இறக்கம் தெரிகிறது. இந்தச் சொரசொரப்பைப் பாதியாக்க வேண்டுமானால் கதிரை நான்கு மடங்காக்க வேண்டும். ஆகவே வழவழவென்று இருக்கும் படம் சும்மா வருவதில்லை.

இன்னொன்று கேவி. இது கதிரின் வீரியம். கேவி ஏற ஏற, கதிர் உடம்பை ஊடுருவும் சக்தியும் ஏறும். கான்ட்ராஸ்ட்டுக்கு முக்கியமான பிடி இதுதான். கேவி குறைவாக இருக்கும்போது கதிர் எலும்பில் மாட்டுவதும் தசையில் மாட்டுவதும் வெகுவாக வேறுபடும். ஒளிமின் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அந்த வகையில் கதிர் உட்கவரப்படும் வாய்ப்பு பொருளின் அணு எண்ணின் மும்மடியைப் பொறுத்தது. எலும்பின் சராசரி அணு எண் 13, 14 பக்கம் வரும்; தசைக்கு 7 சொச்சம். மும்மடிக்குப் போட்டால் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே வாய்ப்பு கதிரின் ஆற்றல் கூடக் கூட மும்மடி வேகத்தில் சரியும். அதனால்தான் கேவியை ஏற்றினால் எலும்புக்கும் தசைக்கும் இருந்த இடைவெளி சுருங்கி, படம் நீண்ட சாம்பல் வரிசையாக மாறுகிறது.

எல்லா இடத்துக்கும் கான்ட்ராஸ்ட் அதிகமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். விரல் எலும்பில் முடி போன்ற விரிசலைத் தேடுகிறோம் என்றால் 50, 55 கேவி. மார்பகத்தில் எல்லாமே மென்மையான திசு, அதில் பொடிப்பொடிச் சுண்ணாம்புப் புள்ளிகளைப் பிடிக்க வேண்டும். மேமோகிராமில் 25 முதல் 32 கேவி வரை இறங்குவோம். மார்பு எக்ஸ்ரேவுக்கோ 110, 120 என்று ஏறுவோம். அங்கே விலா எலும்பு பளிச்சென்று தெரிந்தால் தொந்தரவு. அதைக் கொஞ்சம் மங்க வைத்தால்தான் பின்னால் இருக்கும் நுரையீரலும், இதயத்துக்குப் பின்னே ஒளிந்திருக்கும் பகுதியும் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே எங்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. கேவியை 15 சதவீதம் ஏற்றினால், எம்ஏஎஸ்ஸை இரட்டித்த மாதிரி. ஆகவே 80 கேவியில் எடுத்ததை 92க்கு ஏற்றிவிட்டு எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். கருப்பு அதே அளவு வரும், நோயாளிக்குக் கதிர் குறையும், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு நோயாளியிடமும் நாங்கள் போடும் பேரம் இதுதான்.

தூரமும் பருமனும்

கதிர் தூரம் போகப் போக விரிந்து நீர்த்துவிடும். தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 100 செண்டிமீட்டரிலிருந்து 180க்குப் பின்வாங்கினால் டிடெக்டருக்கு வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் மார்பை ஏன் 180இல் எடுக்கிறோம்? பக்கத்தில் வைத்தால் இதயத்தின் நிழல் பெருத்துவிடும். வார்டில் படுக்கையிலேயே போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுத்த பாட்டிக்கு இதயம் வீங்கின மாதிரி தெரிவதற்கு இது ஒரு காரணம். கிட்டத்திலிருந்து, முன்பக்கமாக, படுத்த நிலையில் எடுத்தால் அப்படித்தான் தெரியும். அதைப் பார்த்து வீட்டில் அழுது புரள வேண்டாம், டாக்டர்களுக்கு இது தெரியும்.

உடம்பின் பருமனுக்கு வருவோம். திசு நாலைந்து செண்டிமீட்டர் கூடினால் எம்ஏஎஸ்ஸை இரட்டிக்க வேண்டும் என்பது தோராயக் கணக்கு. ஆனால் பருமன் கதிரைத் தின்பதோடு நிற்பதில்லை. கதிரைச் சிதறவும் வைக்கிறது. சிதறிய கதிர் எங்கிருந்து வந்தது என்று டிடெக்டருக்குத் தெரியாது. கண்ட இடத்தில் விழுந்து படம் முழுக்க ஒரு சாம்பல் போர்வை போர்த்திவிடும். 2015இலும் 2019இலும் புகைமூட்டம் வந்தபோது எல்டிபி நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எதிரே இருந்த கட்டடம் கரைந்துபோயிருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் புகை விலகாது. சிதறலும் அப்படித்தான், எம்ஏஎஸ்ஸை ஏற்றினால் அதுவும் கூடவே ஏறும்.

சிதறலை அடக்க இரண்டு வழிகள். முதல் வழிக்குக் காசே கிடையாது: கதிர் விழும் கட்டத்தைச் சுருக்குவது. முதுகெலும்பு மட்டும் வேண்டுமானால் முதுகெலும்பளவுக்குக் கட்டத்தை ஒடுக்க வேண்டும். குறைந்த சதையில் பட்டால் குறைந்த சிதறல். கான்ட்ராஸ்ட்டும் ஏறும், நோயாளிக்குப் போகும் கதிரும் குறையும். ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்கும் இடம் எங்கள் வேலையில் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

இரண்டாவது கிரிட். 1913இல் குஸ்தாவ் பக்கி என்ற ஜெர்மானியர் ஈயப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, நேராக வருவதை விட்டு, கோணலாக வருவதைத் தடுக்கும் தட்டைச் செய்தார். பட்டைகளின் கோடுகள் படத்தில் விழுந்தன. அமெரிக்காவின் ஹோலிஸ் பாட்டர் எக்ஸ்போஷர் நடக்கும்போதே அந்தத் தட்டை நகர்த்திக் கோடுகளைக் கரைத்தார். இன்றும் எங்கள் மேசையின் அடியில் இருப்பது பக்கிதான். ஆனால் கிரிட் நல்ல கதிரிலும் கொஞ்சம் தின்னும். அதனால் எக்ஸ்போஷரை இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை ஏற்ற வேண்டியிருக்கும். கை, கால், சின்னப் பிள்ளைகளின் ஒல்லி உடம்பு இவற்றுக்கு கிரிட்டை எடுத்துவிடுவோம். எடுக்க மறந்து, பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே மாதிரி எடுக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தொழிற்பேட்டையிலிருந்து வரும் தம்பிகள்

பூச்சோங்கில் இந்த வேலை செய்தால் ஃபோமேமாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1997 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கு நடக்கும் கட்டாய மருத்துவப் பரிசோதனை அது. மார்பு எக்ஸ்ரே அதில் ஒரு பகுதி. தாமான் பெரிண்டஸ்ட்ரியான் பூச்சோங் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வேன் வேனாக வருவார்கள். வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா, நம் ஊர்க்காரர்களும் உண்டு. காசநோய் இருப்பதாக முடிவானால் பெர்மிட் போச்சு, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டியவனுக்கு அந்த ஒரு படம்தான் தலையெழுத்து.

இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த ஒரு தம்பியை நிறுத்துகிறேன் என்று வையுங்கள். மார்பைத் தட்டில் ஒட்டி நிற்க வைத்து, தாடையை மேலே தூக்கி, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளச் சொல்வேன். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். கழுத்துத் தாயத்தைக் கழற்ற வேண்டும். பெண்களாக இருந்தால் பின்னலைத் தூக்கி மேலே கட்ட வேண்டும். தோளில் தொங்கும் ஈரப் பின்னல் நுரையீரலின் உச்சியில் ஒரு கறை போலவே விழும். காசநோய் பெரும்பாலும் தலைகாட்டும் இடமும் அந்த மேல் மடல்தான்.

பிறகு மூச்சு. "தாரிக் நாஃபாஸ் டாலாம் டாலாம், தஹான்!" என்று கத்துவோம். மலாய் புரியாவிட்டால் வங்காள மொழியில் "ஷாஷ் நின், தோரே ராகுன்". அதுவும் எடுபடவில்லை என்றால் நானே நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துக் காட்டுவேன். மூச்சை முழுசாக இழுத்தால் உதரவிதானம் இறங்கும், பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்து அதற்கு மேலே தெரியும். அரை மூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பாகம் நெருங்கி வெள்ளையாகும், சளி கட்டின மாதிரி தெரியும், இதயமும் அகலமாகும். அங்கே கேவி, எம்ஏஎஸ் எதுவும் தப்பில்லை. காற்று குறைந்ததுதான் காரணம். நுரையீரல் படத்தின் கான்ட்ராஸ்ட்டில் நோயாளியின் கையில் இருக்கும் பங்கு இந்த மூச்சு. மொழி தெரியாதவனிடம் அதை வாங்குவது எங்கள் பொறுப்பு.

படம் வந்ததும் முதலில் நான் பார்ப்பது இதயத்தின் பின்னால் முதுகெலும்பு லேசாகத் தெரிகிறதா என்று. தெரியவே இல்லை என்றால் கதிர் போதவில்லை. அதிகம் போனால் பழைய ஃபிலிமில் சின்னச் சின்ன முடிச்சுகள் கருப்பில் எரிந்து போய்விடும்.

ஃபிலிம் காட்டிக் கொடுத்தது, திரை மூடி மறைக்கிறது

ஃபிலிம் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இருட்டறையில் டெவலப்பரில் போட்டு எடுத்துத் தூக்கிப் பிடித்தால் தப்பு முகத்தில் அறையும். அதிகம் கொடுத்தால் கரிக்கட்டை, குறைவாகக் கொடுத்தால் வெள்ளைத் தாள். ஃபிலிமுக்கு ஏற்ற எல்லை குறுகியது. அந்தக் குறுகலே எங்களைக் கட்டுப்படுத்தியது. அதிகம் கொடுத்ததை மறைக்க வழியே கிடையாது, சீனியர் பார்த்தால் காது கிழியும்.

1980களில் ஃபூஜி கொண்டுவந்த கணினி வழிப் படமும், அதன் பின் வந்த தட்டை டிடெக்டர்களும் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டன. டிடெக்டர் மிகக் குறைந்த கதிரையும் வாங்கும், மிக அதிகமானதையும் வாங்கும். வந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் அலசி, எது நுரையீரல், எது எலும்பு என்று கணக்குப் போட்டு, கண்ணுக்குப் பழகின கருப்பு வெள்ளைக்குக் கொண்டுவந்து வைக்கும். தேவைக்கு மேல் நான்கு மடங்கு கதிர் கொடுத்தாலும் திரையில் வருவது அழகான படம். இன்னும் சொல்லப்போனால், சொரசொரப்பு குறைந்து கூடுதல் அழகாக இருக்கும்.

இங்கேதான் விவகாரம். கதிர் குறைவாகப் போனால் படம் சொரசொரக்கும், ரேடியாலஜிஸ்ட் ஃபோன் போட்டுத் திட்டுவார். அதிகம் போனால் யாரும் திட்டமாட்டார்கள், சிலசமயம் பாராட்டுவார்கள். திட்டு வாங்காமல் இருக்க ஜூரு எக்ஸ்ரே என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி ஏற்றி வைப்பார். அடுத்து வருபவர் அதையே வழக்கமாக்குவார். வருடங்கள் போகப் போக எல்லாருடைய எக்ஸ்போஷரும் மெல்ல மெல்ல ஏறும். உலகம் முழுக்க எங்கள் துறையில் கவலையோடு பேசப்படும் விஷயம் இது.

இதைப் பிடிக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2008இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் ஒன்று, ஒவ்வொரு டிஜிட்டல் படத்தோடும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ், டீவியேஷன் இண்டெக்ஸ் என்று இரண்டு எண்கள் வரும்படி வகுத்தது. இரண்டாவதுதான் முக்கியம். அது 0 என்றால் எதிர்பார்த்த அளவு. +1 என்றால் கால் பங்கு அதிகம். +3 என்றால் இருமடங்கு. −3 என்றால் பாதி. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். படம் கண்ணைப் பறிக்கும்படி இருக்கும், ஓரத்தில் +2.9 என்று உட்கார்ந்திருக்கும். எத்தனை பேர் பார்க்கிறார்கள்? நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: படத்தைப் பாராட்டும் முன் அந்த எண்ணைப் பார்.

இன்னொரு மறைப்பும் உண்டு. கதிர்க் கட்டத்தை அகலமாகத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு திரையில் ஓரங்களை வெட்டிவிடுவது. டாக்டர் பார்ப்பது நேர்த்தியாக ஒடுக்கின படம். ஆனால் வெட்டப்பட்ட பகுதியில் கதிர் ஏற்கெனவே பட்டாயிற்று. சிதறலும் விழுந்து கான்ட்ராஸ்ட்டையும் கெடுத்தாயிற்று. மவுஸால் வெட்டினால் உடம்பில் போன கதிர் திரும்பி வராது.

தானியங்கி எக்ஸ்போஷர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தட்டில் மூன்று உணரிகள். போதுமான கதிர் வந்ததும் தானாக நிறுத்தும். மார்புக்குப் பக்கத்து இரண்டும், முதுகெலும்புக்கு நடுவிலுள்ளதும். நோயாளி இரண்டு விரல் நகர்ந்து நின்றாலே, அது உடம்பைத் தாண்டி வரும் கதிரைப் பார்த்து அவசரமாக நிறுத்திவிடும். அதன் மேல் உலோகத் தகடு வந்தால் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதுவும் ஒரு காரணமாகத்தான் இடுப்புப் பகுதியில் ஈயத் துண்டு வைக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019இல் சொன்னது. அந்த ஈயம் உணரியை மறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்ததே கதிரை ஏற்றிவிடும். இதைச் சொன்னால் சில அம்மாக்கள் நான் ஈயத்தை மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள்.

பயப்படவா?

வேண்டாம். நேராக நின்று எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேவில் நீங்கள் வாங்குவது சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் உலக சராசரியாக ஒருவருக்கு வருடத்தில் வருவது 2.4. அதாவது மூன்று நாள் சும்மா இருந்தாலே வரும் அளவு. டாக்டர் வேண்டும் என்று சொன்ன எக்ஸ்ரேவைப் பயந்து தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம். இங்கே மருத்துவ எக்ஸ்ரே கருவி வைக்க 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும், தரச் சோதனை வேண்டும். என் ஆதங்கம் ஒரு படத்தின் அளவைப் பற்றியதல்ல. தேவையில்லாமல் இருமடங்கு கொடுப்பது ஆயிரக்கணக்கான பேருக்கு நடக்கிறபோது, அதை யாரும் கவனிக்காதபடி படம் அழகாக இருக்கிறதே என்பதுதான்.

உங்கள் பங்குக்குச் செய்யக்கூடியவை இவை. வரும்போது பழைய படங்களைக் கொண்டுவாருங்கள். சிலசமயம் புதிதாக எடுக்க வேண்டிய தேவையே இருக்காது. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட முன்கூட்டியே சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சங்கடப்பட்டால் சொல்லுங்கள், எந்தப் பகுதி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு வழி செய்வோம். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், அசையாதீர்கள். திரும்ப எடுத்தால் கதிரும் இரண்டாவது தடவை. பிள்ளைக்கு எடுக்கும்போது "கட்டத்தைச் சின்னதா வச்சுக்குங்கம்மா" என்று தாராளமாகச் சொல்லலாம். நல்ல ஜூரு எக்ஸ்ரே கோபப்படமாட்டார், ஏற்கெனவே வைத்திருப்பார்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த பதிவில் சி.டி. ஸ்கேன், அதன் கணக்கு வேறு ரகம், 0.02 கதையெல்லாம் அங்கே செல்லாது.